எரச் பருச்சாவின் சுற்றுச்சூழல் பாடநூலும் பெரம்பலூர் – அரியலூர்க் களமும்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கல்லூரிகளில் இளநிலைப் பட்ட மாணவர் அனைவருக்கும் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயப் பாடமாக்கப்பட்டபோது, பல்கலைக்கழக மானியக் குழுவுக்காக அதற்குரிய பாடநூலை எழுதியவர் புணேயைச் சேர்ந்த எரச் பருச்சா. அந்நூலின் எட்டாம் அலகு களப்பணி. ஏனைய ஏழு அலகுகளும் பொருள் பெறுவது அதன் வழியாகவே என்பது இக்கட்டுரையின் கருத்து. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சுண்ணாம்புக்கல் நிலம், சாத்தனூர்க் கல்மரம், கரைவெட்டி ஏரி ஆகியவற்றை அவ்வலகின் வினாக்களோடு பொருத்திப் பார்க்கும் இக்கட்டுரை, அவ்வாறு பொருத்தும்போது எழும் கலைச்சொற் சிக்கல்களையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுற்றுச்சூழல் கல்வி, பாடநூல், எரச் பருச்சா, களப்பணி, அரியலூர், பெரம்பலூர், ஏரி, புறம்போக்கு, கலைச்சொல்.

முன்னுரை

தமிழில் சுற்றுச்சூழல் எழுத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் படைப்பிலக்கியத்தையும் கட்டுரை இலக்கியத்தையும் சுற்றியே அமைகின்றன. மா. கிருஷ்ணனும் சு. தியடோர் பாஸ்கரனும் எழுதிய கட்டுரைகள் ஆராயப்பட்டுள்ளன. சங்க இலக்கியத் திணைக் கோட்பாட்டைச் சூழலியல் நோக்கில் அணுகும் ஆய்வேடுகளுக்கும் குறைவில்லை. பாடநூல் என்னும் எழுத்துவகை மட்டும் ஆய்வாளரின் கவனத்துக்கு வெளியே நிற்கிறது. தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் பழைய புத்தகக் கடைக்குச் செல்லும் நூலில் ஆராய என்ன உள்ளது என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயினும் சுற்றுச்சூழல் என்னும் சொல்லையே ஒரு பாடமாக முதன்முதலில் சந்திக்கும் வணிகவியல், வரலாறு, தமிழ் இலக்கிய மாணவர்க்கு அச்சந்திப்பை நிகழ்த்துவது ஒரு பாடநூல்தான். அதன் ஆசிரியர் எதைச் சொன்னார், எதை மாணவரின் கண்டறிதலுக்கு விட்டார் என்பது ஆராயத்தக்கது.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. நிருவாக எல்லை இவ்வாறு மாறினும் நிலவியல் நோக்கில் இவ்விரண்டும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள். ஆகவே இக்கட்டுரை இவற்றை ஒரே களமாகக் கொள்கிறது.

தீர்ப்பிலிருந்து பாடநூல் வரை

இப்பாடம் கல்வியாளர் குழு ஒன்றின் விருப்பத்தால் மட்டும் பிறந்ததன்று. அதற்கு மூலம் நீதிமன்றம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் குறித்த அறிவைப் பொதுமக்களிடம் பரப்புவது அரசின் கடமை என்றது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படவில்லைகளைக் காட்டுதல், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சிகளை ஒலி, ஒளிபரப்புதல், பள்ளி முதல் கல்லூரி வரை கட்டாயப் பாடமாக்குதல் ஆகியவை அத்தீர்ப்பின் கட்டளைகள். படவில்லை காட்டும் வழக்கமே இன்று திரையரங்குகளில் மறைந்துவிட்டது. நிலைத்து நின்றது பாடம் மட்டுமே. அதுவும் உடனடியாக நடைமுறைக்கு வரவில்லை. கட்டளைகள் நிறைவேறாமை மீண்டும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு, 2003 டிசம்பர் 18இல் மேலும் ஓர் ஆணை பிறந்தது.

இப்பின்னணியில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வல்லுநர் குழுவின் துணையோடு ஆறு மாத காலப் பொதுப்பாடத் திட்டத்தை வகுத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையமும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தது. அத்திட்டத்துக்கேற்பப் பருச்சா எழுதிய நூலை மானியக் குழு கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கச் செய்தது. 2005இல் ஐதராபாத்தின் யுனிவர்சிட்டீஸ் பிரஸ் அதனை அச்சு நூலாக வெளியிட்டது.

நூலாசிரியர்

எரச் பருச்சா தொழிலால் அறுவை மருத்துவர். காடுகளிலும் புல்வெளிகளிலும் நீண்டகாலம் அலைந்து ஒளிப்படம் எடுத்தவர். புணேயில் பாரதி வித்யாபீடத்தின் சுற்றுச்சூழல் கல்வி, ஆய்வு நிறுவனம் அவர் இயக்குநராக இருந்து வளர்த்தது. அந்நிறுவனம் இந்தியப் பள்ளிப் பாடநூல்களில் சுற்றுச்சூழல் கருத்துகள் எவ்வளவு, எவ்வாறு இடம்பெறுகின்றன என்பதை ஆராய்ந்த அனுபவம் உடையது. பாடநூல் எழுதுவதற்கு முன் பிறர் எழுதிய பாடநூல்களின் குறைகளை வரிசையாகக் கண்டவர் அவர் என்பது இங்குக் கருதத்தக்கது.

அவருடைய பிற நூல்கள் இப்பாடநூலிலிருந்து தோற்றத்தில் வேறுபட்டவை. 2002இல் வெளிவந்த ‘இந்தியாவின் உயிர்ப்பன்மை’ தொகுப்பும் 2008இல் வெளிவந்த ‘இந்திய வனப்பகுதியின் அற்புதங்கள்’ என்னும் பெருநூலும் ஒளிப்படங்கள் நிறைந்தவை. வசதியுள்ள வாசகரை நோக்கியவை. கல்லூரிப் பாடநூலோ கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களோடு, எந்தத் துறை மாணவரும் படிக்கத்தக்க எளிய நடையில் அமைந்தது. இரண்டு வகை நூல்களுக்கும் ஒரு பொதுக்கூறு உண்டு. பருச்சா ஒரு கருத்தை வரையறையில் தொடங்குவதைக் காட்டிலும் ஓரிடத்தில் தொடங்குவதை விரும்புகிறார். நோயாளியைப் பார்க்காமல் நோயைப் பேச விரும்பாத மருத்துவரின் பழக்கம் இது என்று கொள்ள இடமுண்டு.

நூலின் அமைப்பும் எட்டாம் அலகும்

பாடத்திட்டம் ஐம்பது விரிவுரைகளைக் கொண்டது. சுற்றுச்சூழல் கல்வியின் பல்துறைத் தன்மைக்கு 2, இயற்கை வளங்களுக்கு 8, சூழல் மண்டலங்களுக்கு 6, உயிர்ப்பன்மைக்கு 8, மாசுபாட்டுக்கு 8, சமூகச் சிக்கல்களுக்கு 7, மக்கள்தொகைக்கு 6, களப்பணிக்கு 5 என அவை பகுக்கப்பட்டுள்ளன. மதிப்பெண் பகிர்வோ வேறு விகிதத்தில் உள்ளது. குறுவினாக்களுக்கு 25, கட்டுரை வினாக்களுக்கு 50, களப்பணிக்கு 25. அதாவது காலத்தில் பத்தில் ஒரு பங்கு பெறும் பகுதி, மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கைப் பெறுகிறது. திட்டத்தை வகுத்தோர் எதை முதன்மையாகக் கருதினர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எட்டாம் அலகு மாணவரிடம் நான்கு பணிகளை வேண்டுகிறது. ஆறு, காடு, புல்வெளி, மலை போன்ற உள்ளூர்ச் சூழற்செல்வம் ஒன்றைப் பார்த்துப் பதிவு செய்தல் முதற்பணி. அருகில் மாசுபட்ட ஓரிடத்தைக் காணுதல் அடுத்தது. பரவலாகக் காணப்படும் செடி, பூச்சி, பறவை ஆகியவற்றை அறிதலும், குட்டை, ஆறு, மலைச்சரிவு போன்ற எளிய சூழல் மண்டலம் ஒன்றை ஆராய்தலும் எஞ்சியவை. நான்கிலும் விடை நூலுக்குள் இல்லை, இருக்கவும் முடியாது. புணேயில் இருந்து எழுதும் ஆசிரியர் செந்துறையின் நிலத்தையும் வேப்பந்தட்டையின் நிலத்தையும் எழுதிவிட இயலாது. ஆகவே அவர் வினாக்களையும் நோக்கும் முறையையும் மட்டும் தருகிறார்.

தமிழகத்தின் கலை அறிவியல் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்னும் பகிர்வு பொதுவாக நிலவுகிறது. இவ்வமைப்பில் களப்பணிக்குரிய 25, வழக்கமான அகமதிப்பீட்டு 25இல் ஓசையின்றிக் கரைந்துவிடும் வாய்ப்பு மிகுதி. வினா விடைக் கையேடுகளின் இயல்பும் இதற்குத் துணை செய்கிறது. கையேடு என்பது விடைகளின் தொகுப்பு. விடை இல்லாத அலகைக் கையேடு ஆக்குபவர் என்ன செய்வார்? ஒன்று விட்டுவிடுவார், அன்றேல் எங்கோ உள்ள ஓர் ஆற்றைப் பற்றிய ஆயத்தக் கட்டுரையை வைத்துவிடுவார். பின்னதே பெரிய இழப்பு. ‘உள்ளூர்’ என்னும் ஒரு சொல்லுக்காகவே அமைந்த அலகில் உள்ளூரே இல்லாமற் போகிறது.

சிமெண்டு மூட்டையின் பின்னோக்கிய பயணம்

நூலின் முதல் அலகில் ஒரு சிறு செயற்பாடு உண்டு. அன்றாடம் பயன்படுத்தும் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது வீட்டுக்கு வந்த வழியில் பின்னோக்கிச் சென்று, எந்த இயற்கை வளத்தில் அது தொடங்கியது என மாணவர் கண்டறிய வேண்டும். பெருநகர மாணவர்க்கு இது நீண்ட கற்பனைப் பயணம். அரியலூர் மாணவர்க்கு அப்பயணம் பல பொருள்களில் தம் ஊரிலேயே வந்து முடியும். சிமெண்டு அவற்றுள் தலையாயது.

சென்னையில் எழும் ஓர் அடுக்ககத்தின் சுவரிலிருந்து பின்னோக்கிச் சென்றால், கடை, லாரி அல்லது சரக்கு ரயில், ஆலை, சூளை, அரைவை, சுரங்கம் என்று படிப்படியாக இறங்கி அரியலூரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் குழிகளை அடையலாம். இங்கு அரசுச் சிமெண்டு ஆலை 1979இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகள் பல எழுந்தன. சாதாரண வகைச் சிமெண்டு ஒரு டன் செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் தேவைப்படுகிறது. கல்லும் களிமண்ணும் அரைத்துக் கலக்கப்பட்டு, சுழலும் சூளையில் 1450 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேற்றப்படும்போது, கால்சியம் கார்பனேட்டு சிதைந்து சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ இவ்வாறு பிரிந்தால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். எரிபொருளை முழுவதும் மாற்றினாலும் இந்த 44 கிலோ குறையாது. ஏனெனில் அது நெருப்பிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்தே வருவது. உலகில் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலைச் சார்ந்தது என்பதை இவ்வேதியியல் புரியவைக்கிறது. கனிம வளம் இரண்டாம் அலகிலும், காற்று மாசு ஐந்தாம் அலகிலும், காலநிலை மாற்றம் ஆறாம் அலகிலும் தனித்தனியே கற்பிக்கப்படுபவை. ஒரு மூட்டை சிமெண்டில் மூன்றும் ஒன்றாகின்றன.

பயணம் சுரங்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரால் வழங்கும் சுண்ணாம்புக்கற் படிவம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் வாழ்ந்த சிப்பியினங்களின் ஓடுகளால் நிறைந்தது. கிரிஃபியா, இனோசெராமசு போன்ற சிப்பிகளின் படுகை அது. அக்கடலுயிர்கள் அக்காலத்து நீரிலிருந்து கரியை எடுத்து ஓடாக்கிப் புதைத்தன. சூளை அதனை மீண்டும் காற்றுக்கு விடுவிக்கிறது. கரிமச் சுழற்சியைப் படம் வரைந்து விளக்கும் ஆசிரியர்க்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. அது மாணவர் பேருந்தில் கடந்து வரும் வழியிலேயே இருக்கிறது.

இந்நிலத்தின் அறிவியற் புகழ் பழையது. 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கில அலுவலர் இருவர் சேகரித்த புதைபடிவங்களை எட்வர்டு ஃபோர்ப்சு 1846இல் விவரித்து வெளியிட்டார். எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் இப்பகுதியின் படிவப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இன்றும் உலக நிலவியல் இலக்கியத்தில் அப்பெயர்களே வழங்குகின்றன. ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1863 முதல் 1873 வரை இங்குள்ள கிரெட்டேசியக் காலத்துத் தொல்லுயிர்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். ஊட்டத்தூர் என்னும் சிற்றூரின் பெயரை வியன்னாவிலும் இலண்டனிலும் உள்ள நிலவியலாளர் அறிந்திருக்க, பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர் அறியாமல் பட்டம் பெற முடிகிறது. களப்பணி அலகு தீர்க்க முயலும் குறை இதுதான்.

சாத்தனூரும் இன்னொரு பாடநூலாசிரியரும்

பாடநூலாசிரியர் ஒருவர் இந்நிலத்தோடு நேரடியாகத் தொடர்புபட்ட முன்னிகழ்வும் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த சாத்தனூரில் ஓர் ஓடையின் அருகே 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கல்லான மரம் ஒன்று கிடக்கிறது. கிரெட்டேசியக் காலத்தில் கடல் இந்நிலத்தின் மீது பரவியபோது அடித்து வரப்பட்டுக் கடற்படிவில் புதைந்த ஊசியிலை மரவகை அது. மரத்தின் திசுக்களில் கனிமம் புகுந்து நிரம்பியதால் வடிவம் மாறாமல் கல்லாயிற்று. அதனை 1940இல் முதன்முதலில் அறிவியலுலகுக்கு அறிவித்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன்.

தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தைச் சேர்ந்த கிருஷ்ணன், பின்னர் 1951இல் அத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். சாத்தனூர் மரத்தை அறிவித்த மூன்றாம் ஆண்டில், 1943இல், அவர் எழுதிய ‘இந்தியா, பர்மாவின் நிலவியல்’ வெளிவந்தது. பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாக இந்திய நிலவியல் மாணவர் பயின்ற நூல் அது. களத்தில் நடந்தவர் பாடநூலும் எழுதினார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. பருச்சாவின் நூலும் கிருஷ்ணனின் நூலும் பொருளால் வேறானவை. ஒன்று எல்லா மாணவர்க்கும் உரியது, மற்றது துறை மாணவர்க்கு மட்டும் உரியது. ஆனால் இரண்டும் நேரிற் கண்டவர் எழுதியவை. இவ்வகை நூல்களைப் பிற பாடநூல்களைத் தொகுத்து எழுதும் பாடநூல்களிலிருந்து பிரித்துக் காண்பது பாடநூல் ஆய்வில் பயனுடையதாகும்.

சாத்தனூர் மரம் வேலியிட்டுக் காக்கப்பட்டுத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக விளங்குகிறது. அதே மாவட்டத்தின் காரை – கொளக்காநத்தம் பகுதியில் மழைநீர் அரித்து வரிவரியாகப் பிளந்த களிமண் நிலமும் அவ்வாறே அறிவிக்கப்பட்டுள்ளது. இரண்டாவதைப் பற்றி ஒரு சொல். காரை நிலத்தை முதன்முறை காண்பவர் அதனைப் பாழ்நிலம் என்றே சொல்வர். புல்லும் அரிதாக முளைக்கும் வெற்றுக் களிமண், இடையிடையே மின்னும் ஜிப்சம், பாசுபேட்டு உருண்டைகள். ஆனால் அக்களிமண்ணில்தான் சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகளும் அம்பு வடிவப் பெலம்னைட்டுகளும் கிடைக்கின்றன. பயன் இல்லாமை என்பதும் அறிவு இல்லாமை என்பதும் ஒரே தோற்றம் கொள்ளும் இடம் அது.

தரிசும் புறம்போக்கும்

இங்கிருந்து கலைச்சொற் சிக்கலுக்கு வரலாம். பாடத்திட்டத்தின் ஆறாம் அலகில் ‘பயனற்ற நில மீட்பு’ ஒரு தலைப்பு. மூன்றாம் அலகில் ‘புல்வெளிச் சூழல் மண்டலம்’ மற்றொரு தலைப்பு. வகைப்பாட்டு ஏட்டில் இவை இரண்டும் தனித்தனி. பெரம்பலூரின் புன்செய் நிலப்பரப்பில் இரண்டும் பல சமயம் ஒரே நிலம். ஆடுமாடு மேயும் வெளி, புல்லும் முள்ளும் நிறைந்த மேடு, கௌதாரியும் வானம்பாடியும் முட்டையிடும் தரை ஆகியவை வருவாய்த் துறைப் பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு என்றோ தரிசு என்றோ எழுதப்படுகின்றன.

புறம்போக்கு என்பது வரி விதிப்புக்குப் புறத்தே விடப்பட்ட நிலம். அதனுள் ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, களப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு எனத் தெளிவான பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஊருக்குப் பொதுவான ஒரு பயனைக் குறிக்கும். பேச்சு வழக்கிலோ அச்சொல் வசையாகிவிட்டது. ‘தரிசு’ என்பதற்கும் இதே நிலை. பயிரிடாமல் விடப்பட்ட நிலத்தையும், பயிரிட இயலாத நிலத்தையும், பயிரிடக் கூடாத நிலத்தையும் ஒரே சொல்லால் சுட்டும்போது, ‘மீட்பு’ என்னும் சொல் எதனை எதிலிருந்து மீட்கிறது என்பது தெளிவற்றுப் போகிறது. ஆங்கில மூலத்திலேயே உள்ள இம்மயக்கம் தமிழாக்கத்தில் இரட்டிக்கிறது. புறம்போக்கு வகைகளை மாணவர் தம் ஊர்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு நேரிற் கண்டு எழுதினால், பொதுச்சொத்து வளம் பற்றிய பாடம் தனியே கற்பிக்கப்பட வேண்டியிராது.

உயிர்ப்பன்மையைக் குறிக்கும் சொல்லும் கருதத்தக்கது. பாடநூல்களிலும் இதழ்களிலும் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’, ‘பல்லுயிரியம்’, ‘உயிரியற் பன்மயம்’, ‘உயிர்ப்பன்மை’ எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘பெருக்கம்’ என முடியும் வடிவம் பொருளைத் திரிக்கிறது. பெருக்கம் எண்ணிக்கை மிகுதியைக் குறிக்கும். கருத்தோ வகையின் மிகுதியைப் பற்றியது. சீமைக்கருவேலம் பரவிய நிலத்தில் உயிர்ப் பெருக்கம் உண்டு, உயிர்ப்பன்மை குறைவு. இவ்வேறுபாட்டை மறைக்கும் சொல்லைப் பாடநூல் தவிர்ப்பது நலம்.

கரைவெட்டி: ஏரி எந்த வகை?

பாடத்திட்டம் நீர்ச்சூழல் மண்டலங்களைக் குட்டை, ஓடை, ஏரி, ஆறு, கழிமுகம், கடல் எனப் பகுக்கிறது. இவ்வரிசையில் ‘ஏரி’ என்று தமிழாக்கப்படுவது இயற்கையாக அமைந்த பெருநீர்நிலை. தமிழகத்தின் ஏரியோ பெரும்பாலும் மனிதர் கரை எழுப்பி ஆக்கியது. கரையும் மதகும் கலிங்கும் வரத்து வாய்க்காலும் ஆயக்கட்டும் சேர்ந்ததே ஏரி. இவற்றுள் ஒன்று பழுதானாலும் அந்தச் சூழல் மண்டலம் மாறிவிடும். முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் அமைத்த சோழகங்கம் இதே அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. ஆயிரம் ஆண்டுப் பராமரிப்பின் வரலாறுடைய ஒரு நீர்நிலையை இயற்கை, செயற்கை என்னும் இரு பெட்டிகளுள் எதில் இடுவது?

இவ்வினாவுக்குக் கரைவெட்டி தகுந்த களம். திருமானூர் வட்டாரத்தைச் சேர்ந்த இவ்வேரி புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வரும் காவிரி நீராலும் மழையாலும் நிரம்புகிறது. சுற்றியுள்ள வயல்களுக்குப் பாசனமளிக்கிறது. 1999இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 454 எக்டர் பரப்புடைய இதற்கு 2024 சனவரியில் ராம்சர் தகுதி கிடைத்தது. நடு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்து இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தில் இங்குத் தங்குவது பறவையியலாளர் நன்கறிந்தது.

பாசன ஏரி, பறவைக் காப்பிடம், பன்னாட்டு ஈரநிலம் ஆகிய மூன்று பெயர்களும் மூன்று வகை உரிமைகளைக் குறிக்கின்றன. உழவருக்கு மதகு திறக்கும் நாள் முதன்மை. வாத்துக்கு நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது முதன்மை. மேட்டூரில் நீர் திறப்பு தள்ளிப்போனால் இரண்டும் தள்ளிப்போகின்றன. பருச்சா தம் எட்டாம் அலகில், களத்துக்குச் செல்லும் மாணவர் அங்குள்ள உயிர்களை மட்டுமல்லாமல் அந்த இடத்தை யார், எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதையும் கேட்டறிய வேண்டும் என்னும் நோக்கை முன்வைக்கிறார். கரைவெட்டியின் கரையில் ஒரு பகல் நின்று, ஒரு பறவைப் பட்டியலையும், மதகருகே நிற்பவரிடம் கேட்ட நீர் வரத்துக் கணக்கையும் ஒரே தாளில் எழுதினால் அந்நோக்கு நிறைவேறும். நூலின் வகைப்பாட்டில் இடமில்லாத ஓர் நீர்நிலை, நூலின் வினாமுறைக்கு மிகப் பொருத்தமாக அமைவது இந்நூலின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது.

நூலின் எல்லை குறித்து இன்னொன்று. முதல் அலகில் பருச்சா சுற்றுச்சூழலுக்கு உழைத்த இந்தியரையும் நிறுவனங்களையும் அறிமுகப்படுத்துகிறார். எம்.எஸ். சுவாமிநாதன், சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம், கோவையின் சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் ஆகியவை தமிழகத்தின் சார்பில் அங்கு இடம்பெறுகின்றன. தேசியப் பாடநூலில் இதனினும் மிகுதியை எதிர்பார்க்க இயலாது. எஞ்சியதை உள்ளூரில் கற்பிப்போர்தாம் நிரப்ப வேண்டும். சுற்றுச்சூழல் கல்விக்கான புதிய வழிகாட்டு நெறிமுறைகளை மானியக் குழு 2023இல் வெளியிட்டுள்ள நிலையில், பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது மாவட்டந்தோறும் ஒரு களக்குறிப்பேடு தமிழில் உருவாக வாய்ப்பு உள்ளது. பெரம்பலூர், அரியலூர்க் குறிப்பேட்டுக்கு வேண்டிய பொருள் ஃபோர்ப்சு காலம் முதல் அச்சில் கிடக்கிறது. அது ஆங்கிலத்தில், நூலக அடுக்குகளில் கிடக்கிறது என்பதே சிக்கல்.

பதிவின் தேவை

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டுப் பகுதி மணற்கற்களில் தொல்விலங்குகளின் எலும்புகள் உண்டு. இப்பகுதியின் டைனோசர்களைப் பற்றி சி.ஏ. மேட்லி 1929இல் எழுதினார். 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் நிலவியலாளர் இருவர் கல்லமேட்டிற் கண்ட பேரெலும்புகளை விவரித்து, அவ்விலங்குக்குப் புருகத்காயோசாரசு எனப் பெயரிட்டனர்; இனப்பெயர் மேட்லியின் நினைவாக அமைந்தது. அவர்கள் அளந்த காலெலும்பு ஒன்றின் நீளம் இரண்டு மீட்டர். உலகில் வாழ்ந்த நிலவிலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம் எனக் கருதுவோர் உளர், ஐயுறுவோரும் உளர். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள எலும்பை மீண்டும் பார்க்க இயலாது. ஈரமும் மழையும் ஊறிய மென்மையான படிவத்திலிருந்து எடுக்கப்பட்ட அவ்வெலும்புகள் சிதைந்து அழிந்துபோயின. களத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்கள் சில 2022இல் வெளியிடப்பட்டன. அவ்விலங்கைப் பற்றி இன்று நடைபெறும் விவாதம் முழுவதும் அவ்வொளிப்படங்களையும், இடத்திலேயே நின்று எழுதப்பட்ட அளவுகளையும், கையால் வரைந்த கோட்டுப்படங்களையும் கொண்டே நிகழ்கிறது.